தொற்று எந்த வாரத்தில் வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பகால வைரஸ் தொற்று பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை மிகவும் தேவையான ஒன்று. ஆனால் அதில் இரண்டு கருத்துகளைத் திருத்தியாக வேண்டும். 'கர்ப்பிணிக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும்' என்பது ஒன்று. 'வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டாதவரை குழந்தைக்குக் கவலையில்லை' என்பது மற்றொன்று. முதலாவதை நம்புகிறவர்கள், பலவீனமான உடம்பு தாங்காது என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டாவதை நம்புகிறவர்கள், காய்ச்சல் விட்டதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

கர்ப்பத்தில் எதிர்ப்பு சக்தி குறைவதில்லை, மாறுகிறது. முதல் மூன்று மாதங்களில் கருப்பையின் உட்சுவரில் உள்ள வெள்ளணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் 'இயற்கைக் கொல்லி' செல்கள். அவை கருவைத் தாக்குவதில்லை. தாயின் இரத்தக் குழாய்களை விரித்து, நஞ்சுக்கொடி வேரூன்ற உதவுகின்றன. நடுவில் உள்ள மாதங்களில் உடல் அழற்சியை (எதிர்ப்பு மண்டலம் எழுப்பும் வீக்கம், சூடு போன்ற எதிர்வினையை) அடக்கி வைக்கிறது. பிரசவம் நெருங்கும்போது அழற்சி மறுபடி எழுகிறது, பிரசவ வலிக்கே அது தேவை. இந்த மாற்றத்தால் கர்ப்பிணிக்கு இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ காய்ச்சல்) அடிக்கடி தொற்றுகிறது என்பதை விட, தொற்றினால் கடுமையாகிறது என்பதே சரி. அதற்கு நுரையீரலும் காரணம்: வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. ஆகவேதான் மற்றவர்களுக்கு 92, 93 சதவீத ஆக்சிஜன் அளவு போதுமென்று விடும் நிலையில், கர்ப்பிணிக்கு அது 95க்குக் கீழே போகக் கூடாது என்கிறோம்.

இன்ஃப்ளூயன்சா என்று சந்தேகம் எழுந்தால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் மருத்துவர் ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். 75 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, 5 நாள். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அது கடந்துவிட்டாலும் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். 20 வாரத்துக்குப் பிறகு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைத் தாமாக எடுக்கவே கூடாது. அவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மாதங்களில் சிசுவின் இதயத்தருகே உள்ள இரத்தநாளத்தை முன்கூட்டியே சுருக்கவும் கூடும்.

இனி குழந்தையின் பக்கம். தாயின் ஆன்டிபாடிகளில் (கிருமியை எதிர்க்கும் புரதங்களில்) ஐஜிஜி வகை மட்டுமே நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. அதைப் பிடித்து அக்கரை சேர்ப்பதற்கென்றே நஞ்சுக்கொடிச் செல்களில் ஓர் ஏற்பி இருக்கிறது. 13ஆவது வாரத்தை ஒட்டி மெதுவாகத் தொடங்கும் இந்த வேலை கடைசி நான்கு வாரங்களில்தான் முழு வேகம் பெறுகிறது. 28 முதல் 32 வாரங்களில் சிசுவிடம் இருப்பது தாயின் அளவில் பாதி அளவே. நிறைமாதத்தில் தாயை விடவும் அதிகம். குறைமாதக் குழந்தைக்கு ஏன் அத்தனை எளிதில் தொற்று வருகிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஐஜிஎம் வகை கடப்பதே இல்லை. ஆகவே பிறந்த குழந்தையின் இரத்தத்தில் ஐஜிஎம் இருந்தால் அது குழந்தையே உண்டாக்கியது. இருந்தாலும் அதில் பொய் முடிவுகள் வருவதுண்டு, வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனையைப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

காலக்கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சின்னம்மையைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பு தாய்க்குச் சின்னம்மை வந்தால், வைரஸ் போனாலும் பின்னாலேயே தாயின் ஆன்டிபாடியும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. குழந்தைக்கு வந்தாலும் பெரும்பாலும் லேசாகப் போய்விடும். அதே கொப்புளம் பிரசவத்துக்கு 5 நாள் முன்பு முதல் 2 நாள் பின்பு வரையிலான இடைவெளியில் தோன்றினால், குழந்தைக்கு வைரஸ் மட்டும் கிடைக்கிறது, ஆன்டிபாடி கிடைப்பதில்லை. நுரையீரல், கல்லீரல் வரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் குழந்தைக்குக் கொப்புளம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. சின்னம்மைக்கான இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை ஆன்டிபாடி) ஊசியை உடனே போட வேண்டும். கொப்புளம் தோன்றிவிட்டால் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, இரத்தக் குழாய் வழியாக. இப்படியொரு தாய் மருத்துவமனைக்கு வந்ததும் கொப்புளம் எந்தத் தேதியில் தோன்றியது என்று கேட்டு, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைப்பது பெரிய உதவி.

வைரஸ் தாண்டாவிட்டால் கவலையில்லை என்ற கருத்துக்கு வருகிறேன். கோவிட் காலத்தில் தாயிடமிருந்து கருவுக்கு வைரஸ் போவது அரிது என்று தெரிந்தது, அது உண்மையும்கூட. ஆனால் தொற்றில்லாமல் பிறந்த குழந்தைகள் சிலரின் தொப்புள்கொடி இரத்தத்திலும் அழற்சி வேதிப்பொருள்கள் கூடியிருந்தன, வெள்ளணுக்களின் நடத்தை மாறியிருந்தது. தாயின் உடலில் எழும் அழற்சிச் செய்தி, வைரஸ் இல்லாமலே நஞ்சுக்கொடிக்குப் போய்ச் சேர்கிறது. கருவுற்ற எலிகளுக்கு இன்டர்லூக்கின்-6 என்ற ஒரே அழற்சிப் பொருளைச் செலுத்தினாலே குட்டிகளின் குடலிலுள்ள டி செல்கள் என்ற வெள்ளணுக்களின் போக்கு மாறியது. எச்ஐவி உள்ள தாய்க்குத் தொற்றில்லாமல் பிறந்த குழந்தைகளிலும் எதிர்ப்புச் செல்களில் வேறுபாடுகள் பதிவாகியுள்ளன. மற்றத் தொற்றுகளும் அவர்களுக்கு அதிகம். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. இத்தகைய குழந்தைக்குத் தடுப்பூசியில் ஒரு நாளும் தாமதம் கூடாது, தாய்ப்பாலைத் தேவையின்றி நிறுத்தக் கூடாது என்பதற்காகத்தான். எச்ஐவி இருக்கும் இடத்தில் மட்டும் பால் கொடுப்பதைத் தாயின் மருந்தையும் வைரஸ் அளவையும் பார்த்து மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

ஹெபடைடிஸ்-பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) விஷயத்தில் கடிகாரத்தைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். பெரியவர்களில் 95 சதவீதம் பேர் இந்த வைரஸைத் தாமே வென்றுவிடுகிறார்கள். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் 90 சதவீதம் பேருக்கு அது ஆயுள் முழுக்கத் தங்குகிறது, ஏனென்றால் முதிராத எதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாகக் கருதுவதில்லை. தாயின் வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் அலகுக்கு மேல் இருந்தால் 28ஆவது வாரம் முதல் டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து. குழந்தை பிறந்து 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். தடுப்பூசித் தவணைகள் முடிந்தபின் 9 முதல் 12 மாதத்தில் பரிசோதனை. அதற்கு முன் பார்த்தால் ஊசி வழியாகப் போன ஆன்டிபாடியே தெரியும், குழந்தையின் சொந்த எதிர்ப்பு என்று ஏமாந்துவிடுவோம். இந்தத் தாய் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம்.

தாயின் ஆன்டிபாடி எப்போதும் நன்மையே செய்யும் என்றும் சொல்வதற்கில்லை. தட்டம்மைக்கான தாயின் ஆன்டிபாடி குழந்தைக்குப் போடும் தடுப்பூசியையே செயலிழக்கச் செய்வதால்தான், பல நாடுகளில் அந்த ஊசி 9 மாதம் வரை காத்திருக்கிறது. டெங்குவில் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி முதலில் காக்கிறது. ஆறாவது மாதத்தை ஒட்டி அது நீர்த்துப்போனபின், மிச்சமிருப்பது வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவி நோயைக் கடுமையாக்கலாம்.

தடுப்பூசியில் கர்ப்பத்தில் போடக்கூடியது, போடக் கூடாதது என்ற இரு வகையையும் குழப்பக் கூடாது. இன்ஃப்ளூயன்சாவின் செயலிழந்த வைரஸ் ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த ஊசி போட முடியாது என்பதால் தாய்க்குப் போடுவதே அதற்கும் கவசம். ஆர்எஸ்வி (குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் வைரஸ்) ஊசி கிடைக்கும் இடங்களில் அது கடைசி மூன்று மாதங்களுக்கானது, பிரசவத்துக்கு 14 நாளாவது முன்பு போட்டிருந்தால்தான் போதுமான ஆன்டிபாடி குழந்தைக்குப் போய்ச் சேரும். ரூபெல்லா, சின்னம்மை ஊசிகள் உயிருள்ள வைரஸ் கொண்டவை, கர்ப்பத்தில் கூடாது. கருவுறுவதற்கு ஒரு மாதமாவது முன்பு, தவறினால் பிரசவம் முடிந்ததும்.

உங்கள் கட்டுரையில் சைட்டோமெகலோ வைரஸ் இடம்பெறாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பிறவித் தொற்றுகளில் உலகெங்கும் மிகப் பரவலானது அதுதான். சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் வெளிவரும். வீட்டில் மூத்த குழந்தை இருந்தால், டயப்பர் மாற்றியபின் 20 வினாடி சோப்புப் போட்டுக் கை கழுவுவது, எச்சில் பட்ட கரண்டியைத் தாய் தன் வாயில் வைக்காதது, முத்தத்தை உதட்டில் கொடுக்காமல் நெற்றியில் கொடுப்பது ஆகியவையே பாதுகாப்பு. தாயின் ஐஜிஎம் மாதக்கணக்கில் நீடிக்கும், அதை மட்டும் வைத்துப் புதுத் தொற்று என்று சொல்ல முடியாது. ஐஜிஜி அவிடிட்டி (ஐஜிஜி வைரஸை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்ற) பரிசோதனையும் கேட்க வேண்டும். குழந்தைக்குச் சந்தேகம் இருந்தால் பிறந்த 21 நாளுக்குள் சிறுநீரில் பிசிஆர் பார்த்தாக வேண்டும். அதற்குப் பிறகு வைரஸ் தென்பட்டால், கருவிலேயே வந்ததா, பிறந்தபின் தாய்ப்பால் வழியாக வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. எச்சில் மாதிரியில் வைரஸ் தெரிந்தாலும் சிறுநீரில் உறுதி செய்ய வேண்டும், எச்சிலில் பால் கலந்திருக்கலாம். பிறந்தபோது அறிகுறியே இல்லாத குழந்தைக்கும் பின்னாளில் காது கேட்கும் திறன் குறையக்கூடும் என்பதால், முதல் செவிப் பரிசோதனையில் தேறிவிட்டாலும் பள்ளி வயது வரை அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தை மருத்துவப் பிரிவில் பணிபுரியும் வாசகர்