விலை எழுதும் முன் மேட்டை அளந்து பாருங்கள்

கோலாலம்பூரிலும் அக்கம்பக்கத்திலும் சாலையோரம், தாமான் குடியிருப்பு, குளக்கரை என்று புல்வெட்டுக் குத்தகை எடுத்து நடத்தும் நம் அண்ணன் தம்பிகளுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். சிலரிடம் வேலை பார்த்திருக்கிறேன். சிலருடைய ஆட்களுக்கு டிராக்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒவ்வொருவராகப் போய்ப் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தனியாகப் போய்ச் சொன்னால், "என்னிடம் மட்டும் ஏன் சொல்கிறாய்" என்று மனத்தாங்கல் வரும். இது ஒருவருடைய குறை இல்லை. என்னையும் சேர்த்து நாம் எல்லாரும் பழகிப்போன வழக்கம். அதனால் பொதுவாக எழுதுகிறேன்.

நான் பிறந்தது கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டினார், நானும் அதே வேலைக்குப் போனேன். அங்கே தரை சமம். மேடு என்றால் வாய்க்கால் கரைதான். செந்தூலுக்குக் குடிவந்து, சாலையோரப் புல் வெட்டப் போன பிறகுதான் சரிவு என்றால் என்னவென்று என் உடம்புக்குத் தெரிந்தது. சமதரையில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் மேட்டுக்கு நாம் புது ஆள்தான்.

ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் குத்தகை, எந்த இடம் என்பது வேண்டாம். நான் அப்போது மண்டோர், அதாவது ஆட்களின் மேற்பார்வையாளர். ஓட்டியவன் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன், வயது இருபத்தைந்து இருக்கும். மேட்டின் அடியில் புக்குல் லீமா மரங்கள் வரிசையாக நின்றன. டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்க நிற்கும் இரும்பு வளைவுதான் ரோல் பார். கிளை இடிக்கிறது என்று காலையிலேயே அதைப் பின்னால் மடக்கிவிட்டான். மரங்களைத் தாண்டிய பிறகு அதை நிமிர்த்தவில்லை. மேலும் கீழுமாக வெட்டினால் நேரம் ஆகும் என்று சரிவின் குறுக்கே வெட்டிக்கொண்டு போனான். லாலாங் புல் இடுப்பளவு நின்றது. அதற்குள்ளே உடைந்த சிமெண்டுக் கால்வாய் ஒன்று இருந்தது யாருக்கும் தெரியாது. கீழ்ப்பக்கத்துப் பின்சக்கரம் அதில் இறங்கியது. நான் திரும்பிப் பார்க்கும்போது டிராக்டர் தலைகீழாகக் கிடந்தது.

பையன் பிழைத்துக்கொண்டான். இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் முறிந்தன. ஊருக்குத் திரும்பிவிட்டான். சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்று ஒருமுறை போனில் சொன்னான்.

ரோல் பார் மடங்கியிருந்ததை நான் காலையில் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது.

பிறகு பேசியவர்கள் எல்லாரும் "பையன் வேகமாக ஓட்டிவிட்டான்" என்றார்கள். ஏன் வேகமாக ஓட்டினான் என்று யாரும் கேட்கவில்லை. நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன். அந்த டிராக்டர் கவிழ்ந்தது மேட்டில் இல்லை, விலை எழுதிய மேசையில். சமதரைக்கு என்ன விலையோ அதே விலையை மேட்டுக்கும் எழுதியிருந்தார்கள். ஏக்கர் கணக்கு. மேட்டில் ஒரு ஏக்கர் வெட்ட இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்றால், அந்த நேரத்தை யாராவது எங்கிருந்தாவது மிச்சம் பிடித்தாக வேண்டும். கடைசியில் ஸ்டீயரிங் பிடித்தவன்தான் மிச்சம் பிடித்தான்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனி எந்த இடத்துக்கும் விலை எழுதும் முன், அந்த மேட்டை அளந்து பாருங்கள்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. சரியாக ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகை, அதன்மேல் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், ஒரு அளவு நாடா. பலகையின் ஒரு முனையை மேட்டில் வையுங்கள். மறுமுனையைக் கீழ்ப்பக்கமாக நீட்டி, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கும்படி பிடியுங்கள். அந்த முனையிலிருந்து நேர்க்கீழே தரை எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். 18 சென்டிமீட்டர் என்றால் சரிவு சுமார் 10 டிகிரி. 27 என்றால் 15 டிகிரி. 36 வந்தால் 20 டிகிரி. கைப்பேசியிலும் இதற்குச் செயலி இருக்கிறது, அதைப் பலகைமேல் வைத்தும் பார்க்கலாம். ஒரே இடத்தில் அளந்துவிட்டுப் போகாதீர்கள். மேட்டில் மிகச் செங்குத்தான இடம் எதுவோ அதுதான் கணக்கு.

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி இயந்திரங்களின் கையேடுகளில் 15 டிகிரியைத் தாண்ட வேண்டாம் என்று பரவலாக எழுதியிருக்கும். உங்கள் டிராக்டர் கையேட்டில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் எல்லை. நம் நெடுஞ்சாலைகளுக்காக வெட்டிய மேடுகள் பலவும் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டரோ இரண்டு மீட்டரோ அகலம் விட்டு வெட்டியவை. கணக்குப் போட்டால் ஒன்று 34 டிகிரி, மற்றது 27 டிகிரி. அவற்றின்மேல் டிராக்டரை ஏற்றுவது பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

"15 டிகிரிக்குள்தான் இருக்கிறது, அப்புறம் என்ன" என்றும் விட்டுவிட முடியாது. சின்ன டிராக்டரில் இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே 1.2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். கீழ்ச்சக்கரம் 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள குழியில் இறங்கினால் சரிவு ஏறக்குறைய 5 டிகிரி கூடுகிறது. அதே நேரத்தில் மேல்சக்கரம் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள மரக்கட்டையில் ஏறினால் இன்னொரு 5. நீங்கள் அளந்த 15 டிகிரி மேடு அந்த ஒரு நொடிக்கு 25 டிகிரி மேடு ஆகிவிடுகிறது. பையன் விஷயத்தில் நடந்ததும் இதுதான். அதனால் வெட்டுவதற்கு முன் ஒருவர் கையில் கம்போடு அந்த மேடு முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். கால்வாய், கட்டை, குழி, கல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட வேண்டும். அரை நாள் கூலிதான் செலவு. அதையும் விலையில் சேர்த்துவிடுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரும்பும்போது வேகம் இரண்டு மடங்கானால், டிராக்டரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சமதரையில் மன்னிக்கும் டிராக்டர் மேட்டில் மன்னிக்காது. சக்கரங்களை அகல வைக்க வழி இருந்தால் அகல வையுங்கள். டயரில் தண்ணீர் நிரப்பினால் எடை கீழே நிற்கும். பின்னால் மாட்டிய ஸ்லாஷரை, அதாவது புல்வெட்டும் கருவியை, தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவில் போகக் கூடாது, தரையை ஒட்டியே இருக்கட்டும்.

ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டிராக்டரில் சரிவின் குறுக்கே வெட்டக் கூடாது, மேலும் கீழுமாகத்தான் வெட்ட வேண்டும். தள்ளிக்கொண்டு நடக்கும் மெஷினுக்கு இது நேர் எதிர். அதில் குறுக்கேதான் போக வேண்டும், இல்லையென்றால் கால் வழுக்கி மெஷினுக்கு அடியில் போய்விடும். நம் ஆட்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்லாஷர் பின்னால் இருக்கும்போது மேட்டில் முன்னோக்கி ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும். ரிவர்ஸில் ஏறி, முன்பக்கமாக இறங்குவதே நல்லது. பின்பக்கமாகக் கவிழும் டிராக்டர் முழுதாகப் புரள ஒன்றரை நொடிதான் ஆகும். அதில் பாதி நேரம் போனாலே ஓட்டுநர் என்ன செய்தும் பயனில்லை. இறங்கும்போது குறைந்த கியர், நான்கு சக்கர இழுவை போட்டபடியே இருக்க வேண்டும். பல டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். நான்கு சக்கர இழுவை இருந்தால்தான் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். நடுச்சரிவில் கிளட்சை மிதிக்கவே கூடாது. இடது, வலது பிரேக் மிதிகளை ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும்.

ரோல் பாரைப் பற்றி நான் தனியாகவே சொல்ல வேண்டும். சுவீடன் நாட்டில் புது டிராக்டர்களுக்கு இது 1959-லேயே கட்டாயம் ஆகிவிட்டது. நம்மிடம் இரும்பு இருக்கிறது, மடக்கி வைக்கிறோம். பார் நிமிர்ந்திருந்து, பெல்ட்டும் போட்டிருந்தால் டிராக்டர் கவிழ்ந்தாலும் ஓட்டுநர் அந்த இரும்புக்குள் பத்திரமாக இருப்பார். பார் நிமிர்ந்து பெல்ட் இல்லையென்றால், வெளியே எறியப்பட்டு அதே இரும்புக்கு அடியில் சிக்கலாம். பாரை மடக்கிவிட்டுப் பெல்ட் போடுவது அதைவிட ஆபத்து, தப்பிக்கவும் வழி இல்லாமல் போகும். மரக்கிளை இடிக்கிறது என்றால் கிளையை வெட்டுங்கள், அல்லது அந்த இடத்துப் புல்லை மட்டும் கையால் வெட்டுங்கள். பார் மடங்கிய டிராக்டர் மேட்டுக்குப் போகக் கூடாது. மண்டோர்களே, பார்த்தால் உடனே நிறுத்துங்கள்.

நம் ஊர் மழையும் கணக்கில் வர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வரும். காலையில் பனி ஈரம் காயப் பத்து மணி ஆகும். ஆக மேட்டில் டிராக்டர் ஓடக்கூடிய நேரம் நாலைந்து மணிதான். ராத்திரி கனமழை பெய்திருந்தால் அன்றைக்கு மேட்டு வேலையே வேண்டாம். புல் காய்ந்தது போல் தெரிந்தாலும் அடியில் செம்மண் வெண்ணெயாக இருக்கும். குத்தகை நாள் கணக்கில் இந்த மழை நாட்களையும் எழுதிக் கேளுங்கள்.

அளந்து பார்த்து எல்லைக்கு மேலே வந்தால் என்ன செய்வது? வழி இருக்கிறது. மேட்டுக்கு மேலேயோ கீழேயோ சமதரையில் நின்று, நீண்ட கையால் வெட்டும் இயந்திரம் இருக்கிறது. ரிமோட்டில் ஓடும் சங்கிலிச் சக்கர இயந்திரங்கள் 45 டிகிரிக்கு மேலும் ஏறும், கவிழ்ந்தாலும் மேலே ஆள் கிடையாது. விலை அதிகம்தான். ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தலாம். சீட்டுப் பிடித்து வேன் வாங்கிய கூட்டம் நாம், இது முடியாதா? அதுவும் ஆகாதென்றால் தோளில் மாட்டும் மெஷினோடு ஆட்களை அனுப்பி, அதற்குரிய கூலியைப் போடுங்கள். மிகச் செங்குத்தான இடங்களில் புல்லுக்குப் பதிலாக மஞ்சள் பூப் பூக்கும் படர்கடலையை நடச் சொல்லி வேலை கொடுப்பவரிடமே பேசிப் பாருங்கள். அது தரையை மூடிக்கொண்டால் அடிக்கடி வெட்ட வேண்டிய வேலை இல்லை.

சட்டமும் இப்போது பழைய மாதிரி இல்லை. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலைக்கு முன்பே ஆபத்தை ஆராய்ந்து எழுதி வைப்பது முதலாளியின் கடமை. ஐந்து பேர் வேலை செய்தாலே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்து இருக்கிறது என்று சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். கடமை தவறிய முதலாளிக்கு அபராதம் 50 ஆயிரம் ரிங்கிட்டாக இருந்தது, இப்போது 5 லட்சம் வரை போகும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்களுக்கு வேலை கொடுக்கும் பெரிய குத்தகைக்காரருக்கும் இதில் பொறுப்பு உண்டு. மேட்டுக்குத் தனி விலை வேண்டும் என்று அவரிடம் பேசும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

எனக்கு நன்றாகத் தெரியும், ஒருவர் மட்டும் விலையை ஏற்றிக் கேட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அதனால்தான் இதை எல்லாருக்கும் சேர்த்து எழுதினேன். விலைப் பட்டியலில் சமதரை, 10 டிகிரிக்கு உட்பட்டது, 10 முதல் 15 வரை, அதற்கு மேல் என்று நான்கு வரி போடுங்கள். கடைசி வரிக்கு நேராக "டிராக்டர் இல்லை" என்று எழுதுங்கள். பத்துப் பேர் இப்படி எழுதிக் கொடுத்தால், பதினோராவது ஆளிடமும் மேட்டை அளந்தாயா என்று கேட்பார்கள்.

அளக்கத் தெரியவில்லை என்றால் கூப்பிடுங்கள். பலகையும் ரசமட்டமும் என்னிடம் இருக்கின்றன. கெப்போங்கோ, செராஸோ, எங்கே என்றாலும் வருகிறேன், காசு வேண்டாம். உங்கள் ஓட்டுநரையும் அந்த நேரத்தில் கூட நிற்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து ஒரு பழைய டிராக்டர் ஓட்டுநர்