கணினியில் கேஸ் எழுதுவதைத் தேர்வில் வையுங்கள்: மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அவர்களுக்கும் கல்விக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவம் கற்பிக்கிறேன். இருபத்து மூன்று ஆண்டுகளாக வார்டில் நின்று மாணவர்களுக்குக் கேஸ் எடுக்க, அதாவது நோயாளியிடம் கேட்டும் பரிசோதித்தும் அறிந்ததை எழுத, சொல்லிக்கொடுத்து வருகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். அதைச் சொல்வதற்கு முன், சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, காலில் புண் முற்றிச் சீழ் பிடித்த நிலையில் எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். நெடுநாள் சர்க்கரை நோயாளி. வேறொரு மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டவர். அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி கணினியில் அச்சடித்தது. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. ஒவ்வாமை என்ற இடத்தில் ‘இல்லை’ என்றிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் பயிற்சி மருத்துவர் பென்சிலின் வகை மருந்தை எழுதிவிட்டார். ஸ்டாஃப் நர்ஸ் ஊசி மருந்தைக் கலக்கப் போன நேரத்தில், அந்த அம்மாவின் மகள் மஞ்சள் பையைக் கவிழ்த்துக் காகிதங்களைக் கட்டிலின் மேல் பரப்பினார். அவற்றில் ஆறு ஆண்டுக்கு முந்தைய ஓ.பி. சீட்டு ஒன்று. மடித்த இடமெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதன் தலைப்பில் யாரோ ஒரு மருத்துவர் சிவப்பு மையால் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார்: பென்சிலின் ஆகாது.

ஊசி போடவில்லை. அந்த அம்மா நலமாக வீடு திரும்பினார். ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தச் சம்மரி எப்படித் தயாரானது என்று பிறகு விசாரித்தேன். ஒவ்வாமைக் கட்டம் கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டம். அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஆகவே வருகிற எல்லோருக்கும் ‘இல்லை’ என்று போட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கமாகிவிட்டது. தட்டச்சு செய்த டேட்டா என்ட்ரி ஆபரேட்டரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை. பார்த்த மருத்துவர் கணினியைத் தொடவில்லை. நோயாளியிடம் கேட்டவர் பதியவில்லை, பதிந்தவர் கேட்கவில்லை. இந்த இடைவெளியில்தான் ஓர் உயிர் ஊசலாடியது.

இத்தனைக்கும் நமக்குச் சாதனங்கள் இல்லாமலில்லை. மருத்துவப் பதிவேடுகளைக் கணினிமயமாக்க முயல வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளே சொல்லிவிட்டன. மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கான தர வரையறைகளை மத்திய அரசு 2013-ல் வெளியிட்டு 2016-ல் திருத்தியது. 2021-ல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுவதும் வந்து, 14 இலக்கச் சுகாதார அடையாள எண்ணை மக்கள் கையில் கொடுத்தது. நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளுக்குப் பிக்மி பதிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலில் ரத்த அழுத்தம் பார்த்துச் செயலியில் ஏற்றுகிறது. எல்லாம் நல்ல முயற்சிகள், நான் மதிக்கிறவை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் உள்ளே போகிற சொற்களை எழுதப்போகிறவர் யார்? நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் மாணவர். அவருக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்?

2019-ல் வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தின் அறிமுகப் பயிற்சியில் மொழித் திறனுக்கும் கணினித் திறனுக்கும் சேர்த்து 40 மணி நேரம் ஒதுக்கினார்கள். நான் பார்த்தவரை, அந்த நேரம் கட்டுரை தட்டச்சு செய்யவும் கருத்தரங்குக்கான ஸ்லைடு தயாரிக்கவும் கற்பதில் போய்விடுகிறது. மாணவர் அப்போது ஒரு நோயாளியைக்கூடத் தொட்டதில்லை. பிறகு வார்டுக்கு வந்ததும் நாங்கள் தாளையும் பேனாவையும் கொடுக்கிறோம். இறுதியாண்டுத் தேர்வு வரை தாள்தான். பயிற்சி மருத்துவரான முதல் நாள் அவரைத் திரைக்கு முன் உட்காரவைத்து, “சீக்கிரம் முடி, வெளியே வரிசை நிற்கிறது” என்கிறோம். கற்றுத்தராத ஒன்றை அவசரத்தில் செய்யச் சொன்னால் வேறு எப்படி நடக்கும்?

கேஸ் ஷீட் வெறும் குமாஸ்தா வேலை அன்று. 1960-களில் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் வற்புறுத்தியது இதைத்தான். நோயாளியின் பிரச்சினைகளை வரிசையாக எழுது. ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்னது என்ன, நீ கண்டது என்ன, நீ நினைப்பது என்ன, செய்யப்போவது என்ன என்று பிரித்து எழுது என்றார். அப்படி எழுதுகிறபோது எழுதுகிறவரின் யோசனை தெளிகிறது. படிக்கிற ஆசிரியருக்கு மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பது தெரிகிறது. பதிவேட்டுக்குக் கணினி வேண்டும் என்று முதலில் உழைத்தவர்களில் அவரும் ஒருவர். எழுத்தும் சிந்தனையும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பதால்தான் அதைச் செய்தார்.

நம் வார்டில் நடப்பது வேறு. ஏழாம் நாள் ரவுண்ட்ஸில் ஒரு குறிப்பைத் திரையில் படித்தேன்: ‘சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டுள்ளது.’ கட்டிலில் பார்த்தால் குழாய் இல்லை. மூன்றாம் நாளே எடுத்துவிட்டார்கள். முதல் நாள் குறிப்பை நகலெடுத்து ஒட்டி, தேதியை மட்டும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கையால் எழுதும்போது சோம்பல் பட்டால் குறிப்பு சுருங்கும். சுருங்கியதைப் பார்த்ததும் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். கணினியில் சோம்பல் பட்டால் குறிப்பு நீண்டு, நிறைவாக, பொய்யாக நிற்கும். இதைத்தான் மாணவருக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர், ஐந்து நாள் காய்ச்சலோடு படுத்திருந்த விவசாயத் தொழிலாளி ஒருவரின் அக்குள் மடிப்பை விளக்குப் பிடித்துப் பார்த்து, சிகரெட் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். ஸ்க்ரப் டைபஸ்: ஒருவகைச் சிறு உண்ணியின் கடியால் வரும் காய்ச்சல். டாக்சிசைக்ளின் கொடுத்தோம், இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எனக்கு அவ்வளவு பெருமை. டிஸ்சார்ஜ் ஆன பிறகு கணினியில் பார்த்தேன். நோய் என்ற இடத்தில் ‘காய்ச்சல்’ என்று இருந்தது. பட்டியலில் அதுதான் முதலில் வந்தது, அதைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்றார்கள். தொற்றுநோய்க் கண்காணிப்புக்கான மத்திய இணையத்தளத்துக்கு மருத்துவர்கள் அனுப்பும் படிவத்திலும் இப்படித்தான் ‘காய்ச்சல்’ என்று போயிருக்கும் என்றால், அந்த ஊரில் உண்ணிக் கடி இருக்கிறது என்பது மாவட்ட அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அடுத்த வாரம் அதே ஊரிலிருந்து வருகிறவரின் அக்குளை யார் பார்ப்பார்கள்? அந்த மாணவியின் கண் கண்டுபிடித்ததைப் பதிவேடு தொலைத்துவிட்டது.

என் வயதொத்த ஆசிரியர்கள் ஓர் அச்சத்தைச் சொல்கிறார்கள்: கணினி வந்தால் மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார் என்று. அந்த அச்சம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு மருந்து கணினியை ஒதுக்குவதில் இல்லை. திரையை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, நோயாளி பேச்சைத் தொடங்கும்போது விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவது, “நீங்கள் சொன்னதை இப்போது எழுதிக்கொள்கிறேன், சரியா பாருங்கள்” என்று திரையைக் காட்டிப் படித்துச் சொல்வது: இவை கற்பிக்கக்கூடிய திறன்கள். எங்கள் யூனிட்டில் பயிற்சி மருத்துவர்களை இப்படிச் செய்யவைத்துப் பார்த்தேன். படித்துக் காட்டியபோது ஒரு பெரியவர், “அந்த மாத்திரையை நான் நிறுத்தி மூணு மாசம் ஆச்சுங்க ஐயா” என்றார். கேஸ் ஷீட்டில் அந்த மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது.

அந்தரங்கத்தைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லை. இ.சி.ஜி., எக்ஸ்-ரே, பெயரோடு கூடிய லேப் ரிப்போர்ட் எல்லாம் கைப்பேசியில் படமெடுக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. மாணவர்கள் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. பேராசிரியரிடம் உடனே காட்ட வேண்டும் என்ற ஆர்வம். ஆனால் 2023-லேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஒரு கடவுச்சொல்லை வார்டு முழுக்கப் பகிர்ந்துகொள்வது தவறு என்று நாம் யாராவது வகுப்பில் சொல்லியிருக்கிறோமா? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கி, ஓ.பி. பதிவிலிருந்து லேப் வரை கையால் எழுத வேண்டிய நிலை பல நாட்கள் நீடித்தது. தாளில் எழுதும் பழக்கத்தையும் நான் விடச் சொல்லவில்லை என்பதற்கு அதுவே காரணம்.

இனி என் கோரிக்கை. எம்.பி.பி.எஸ். இறுதியாண்டுப் பொது மருத்துவச் செய்முறைத் தேர்வில், லாங் கேஸை, அதாவது ஒரு நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து எழுதும் பகுதியை, மாணவர் மின்னணுப் பதிவேட்டில் எழுத வேண்டும். கூடவே ஒரு சிறு தேர்வு: ஐந்தாண்டுப் பழைய பதிவேடு ஒன்றைத் திரையில் கொடுத்து, பத்து நிமிடத்தில் அதில் இன்றைய சிகிச்சைக்கு முக்கியமானதைச் சொல்லவைக்க வேண்டும். எழுதுவதைவிட இது கடினம். ஐந்தாண்டுக் குறிப்புகளுக்குள் புதைந்து கிடக்கும் அந்தச் சிவப்பு மை வரியைத் தேடிக் கண்டுபிடிக்கும் கண் வேண்டும்.

ஏன் தேர்வில்? சொற்பொழிவு வைத்தால் வருகைப்பதிவுக்கு வருவார்கள். பயிலரங்கு வைத்தால் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவார்கள். வெளித் தேர்வாளர் கேட்பார் என்று தெரிந்தால் மட்டுமே மாணவர் இரவு உட்கார்ந்து பயிற்சி செய்வார், ஆசிரியரும் தயாராவார். இதில் நான் விதிவிலக்கல்ல. பாடத்திட்டம் தேசிய மருத்துவ ஆணையத்தின் கையில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அதன் வரம்புக்குள், செய்முறைத் தேர்வை எப்படி நடத்துவது, தேர்வாளருக்கு என்ன அறிவுரை கொடுப்பது என்பதில் உங்களுக்கு இடமிருக்கிறது.

செலவும் பெரிதில்லை. ஸ்கில் லேபில் ரப்பர் கையில் ஊசி போடக் கற்றுக்கொடுக்கிறோம். உண்மையான நோயாளிக்கு முதல் முயற்சியின் வலி வரக்கூடாது என்பதற்காக. அதே அறையில் நான்கு கணினிகளும், உண்மைப் பெயர் எதுவும் இல்லாத கற்பனை நோயாளிகளின் பதிவேடுகளும் போதும். அவற்றில் வேண்டுமென்றே பிழைகளை வைக்க வேண்டும்: நகலெடுத்து ஒட்டிய குறிப்பு, இடது வலது மாறிய கால், தவறான எடைக்குக் கணக்கிட்ட மருந்தளவு. மாணவர் தேடிப் பிடிக்கட்டும். டிஸ்சார்ஜ் அறிவுரையைத் தமிழில் தட்டச்சு செய்யவும் அங்கேயே பழகட்டும். இன்சுலின் எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன் என்பதை ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்து, மருந்துக்கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்வது முறையா?

கிராம சுகாதாரச் செவிலியர்கள் படும் பாட்டையும் நினைவில் வையுங்கள். பகலெல்லாம் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு, அதையே மாலையில் சிக்னல் கிடைக்கிற இடம் தேடிப்போய் மறுபடி ஏற்றுகிறவர்கள் அவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற இளம் மருத்துவருக்கு இந்த இரட்டை வேலை எங்கிருந்து வருகிறது, எதைக் குறைக்கலாம் என்று தெரிந்திருந்தால் அவர் குரல் கொடுப்பார். இப்போது “என்ட்ரி போட்டாச்சா?” என்று மட்டும் கேட்கிறார்.

எங்கள் யூனிட்டில் இதுவரை பன்னிரண்டு கற்பனைப் பதிவேடுகள் தயாரித்து வைத்திருக்கிறோம். சர்க்கரை நோய், காசநோய், பேறுகாலத்துக்குப் பின் வந்த இதய நோய், பாம்புக்கடி எனப் பலவகை. பயிற்சி மருத்துவர்கள் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து எழுதியவை. பல்கலைக்கழகம் கேட்டால் எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறோம்; எந்தக் கல்லூரிக்கும் வந்து நடத்திக் காட்டுகிறோம். முதலில் ஐந்து கல்லூரிகளில் மதிப்பெண் இல்லாமல் ஒத்திகையாக வைத்துப் பாருங்கள். அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தில் இதை விவாதிக்க அரை மணி நேரம் ஒதுக்கினால், அந்தப் பதிவேடுகளோடு நான் நேரில் வருகிறேன். முதலாவது பதிவேடு, காலில் புண்ணோடு வந்த ஓர் அம்மாவுடையது. ஒவ்வாமைக் கட்டத்தில் ‘இல்லை’ என்றிருக்கும்.

மதிப்புடன்,
அரசு மருத்துவக் கல்லூரிப் பொது மருத்துவப் பேராசிரியர் ஒருவர்