பத்தாவது எபிசோடிலிருந்து பார்

அன்புள்ள பாப்பா,

நாகாதோ யூகி என்ற பெண்ணைப் பற்றிய அந்த ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பற்றி, போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்ன சொன்னாய்? "அது சும்மா டைம்பாஸ்மா. ஹாருஹி பேரை வச்சுக் காசு பார்க்க எடுத்தது. மூணு எபிசோடோட விட்டுட்டேன்." நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு ஆபீஸிலிருந்து கால் வந்துவிட்டது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2015இல் வந்த 'நாகாதோ யூகி-ச்சான் காணாமல் போனது' தொடரின் 16 எபிசோடுகளில் முதல் ஒன்பது, குற்றமும் சொல்ல முடியாத, கொண்டாடவும் முடியாத காதல் நகைச்சுவை. கிறிஸ்துமஸுக்கு வான்கோழி வேண்டும் என்று யூகி ஆசைப்படுகிறாள். வேலன்டைன் நாளுக்கு சாக்லேட் செய்கிறாள். எல்லோருமாக வெந்நீர் ஊற்றுக்குப் போகிறார்கள். கூடப் படிக்கும் கியோனிடம் மனதில் இருப்பதைச் சொல்ல வருவாள், முகம் சிவந்துவிடும், வார்த்தை வராது. உன் அப்பா சோபாவிலிருந்து "சொல்லித் தொலையேன்டி" என்று கத்தினார்.

ஹாருஹியை நினைத்தால்தான் வருத்தமாக இருந்தது. 2006இல் கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோ எடுத்த மூலத் தொடரின் நாயகி அவள்தான், அதில் அவளுக்குச் சலிப்பு வந்தால் உலகத்துக்கே ஆபத்து. இங்கே அந்தச் சக்தியெல்லாம் கழன்றுபோய், வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கலகலவென்று சத்தம் போட்டுவிட்டுப் போகும் பெண்ணாக இருக்கிறாள். கியோனும் அப்படித்தான். பழைய தொடருக்கு உயிரே அவனுடைய சலித்துக்கொள்ளும் மனக்குரல்தான். அந்தக் குரலைக் கொடுத்த அதே சுகிதா தோமோகாஸுவைக் கூட்டிவந்து, பாதி நேரம் சும்மா உட்காரவைத்திருக்கிறார்கள். ஸ்டுடியோவும் வேறு, சாடலைட். பளபளப்பு கொஞ்சம் குறைச்சல்தான்.

ஆனால் பழைய தொடரிலிருந்து பிரிந்த கிளைக்கதை என்பதற்காகவே மட்டம் என்று நீ சொன்னதை நான் விடமாட்டேன். முப்பது வருஷம் கிளை நூலகத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

இது எங்கிருந்து முளைத்தது என்று பார். பழைய தொடரை வைத்து 2010இல் வந்த சினிமா உனக்குத் தெரியும், 160 நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்த நீளப் படம். டிசம்பர் 18ஆம் தேதி காலையில் உலகம் மாறிப்போகிறது. வேற்றுக்கிரகத்தார் படைத்த யூகி, கண்ணாடி போட்ட, கூச்சம் மிகுந்த சாதாரணப் பெண்ணாக இலக்கிய மன்றத்து அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். மன்றத்தில் சேரச் சொல்லி கியோனிடம் ஒரு வெற்றுப் படிவத்தை நீட்டுகிறாள். கடைசியில் அவன் அதை எழுதாமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய உலகத்தைத் தேர்ந்தெடுக்கிறான். அந்தப் பெண் அதோடு சரி. படிவத்தை வாங்கிக்கொண்ட கையோடு அவளுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. புயோ என்ற மங்கா ஓவியர் 2009லேயே, படம் வருவதற்கு முன், படத்துக்கு மூலமான நாவலில் வரும் அந்தப் பெண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் உலகம் கலையாமல் அப்படியே தொடர்ந்தால் எப்படி இருக்கும் என்று வரைய ஆரம்பித்தார். தலைப்பில் வரும் 'ச்சான்' அவர்கள் செல்லமாகச் சேர்க்கும் ஒட்டு. நாம் குட்டி, பாப்பா என்கிறோமே, அதுபோல.

யூகியின் தோழி அசகுராவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய தொடரில் கத்தியோடு வகுப்பறையில் கியோனைக் கொல்ல வந்தவள், இங்கே அதே அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு யூகிக்குச் சமைத்துப்போடுகிறாள், அதட்டுகிறாள். ஒரு பானை ஓடனோடு வாசலில் வந்து நிற்கிறாள். (முள்ளங்கி, அவித்த முட்டை எல்லாம் போட்டு மெதுவாகக் கொதிக்கவிடும் குளிர்காலச் சமாசாரம். நான் செய்து பார்த்தேன். "சாம்பாரில் புளி போட மறந்துட்டியா" என்று கேட்டார் உன் அப்பா.) அவள் சமையலறையில் நிற்கும் காட்சி வந்தாலே முதல் சில தடவை எனக்குத் திக்கென்றது. அப்புறம் எந்த எபிசோடில் என்று தெரியவில்லை, அந்தப் பயம் போயே போய்விட்டது. வயசுப் பெண்ணுக்குள் ஒரு அம்மாவை இவ்வளவு சரியாக வைத்திருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 10ஆம் எபிசோடில் ஒரு கார் மோதப் பார்க்கிறது. யூகி தப்பிக்கிறாள், ஆனால் மயங்கி விழுகிறாள். கண் விழித்தவள் வேறொருத்தி. நடந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும், ஆனால் தனக்கு நடந்ததாகத் தோன்றவில்லை, யாரோ எழுதிவைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டதுபோல் இருக்கிறது. வீடியோ கேம் மூலைக்குப் போகிறது, கையில் புத்தகம் ஏறுகிறது. பேச்சு சுருங்குகிறது, முகத்தில் ஏற்ற இறக்கம் இல்லை. யார் இது? 2006இலிருந்து நீங்கள் எல்லோரும் உருகிய யூகிதான். பழைய தொடரில், 2009இல் ஒரே ஆகஸ்டை எட்டு வாரம் திரும்பத் திரும்பக் காட்டி உங்களைக் கதறவைத்தார்களே, அந்தக் கோடையை 15,000 தடவைக்கு மேல் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டவள்.

"இவள் எங்கள் யூகி இல்லை" என்று நீதானே சொன்னாய்? சரி, இந்தா உன் யூகி என்று கொடுத்துவிட்டார்கள். கொடுத்ததும் அசகுரா தவிக்கிறாள், தான் பார்த்துப் பார்த்துச் சோறு போட்ட பெண் எங்கே போனாள் என்று. வந்தவளும் நல்லவள்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. அவளுக்கும் கியோன்மேல் பிரியம் வருகிறது, பழையவளிடமிருந்து கடன் வாங்காத பிரியம். ஆனால் பழையவள் திரும்பினால் இவள் இருக்க மாட்டாள். 13ஆம் எபிசோடில் தன் மனதை அவனிடம் சொல்லிவிடுகிறாள். பழையவளால் ஒன்பது எபிசோடாகச் சொல்ல முடியாததை, நாலே எபிசோடு இருக்க வந்தவள் சொல்லிவிட்டுப் போகிறாள். காணாமல் போனது எந்த யூகி என்று அதற்கப்புறம் உன்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தால் எனக்கும் சொல்.

இரண்டு பேருக்கும் குரல் சிஹாரா மினோரிதான். ஒரு தடவை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, திரையைப் பார்க்காமல் ஓடவிட்டேன். சப்டைட்டில் இல்லாமல் எனக்கு ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. இருந்தும் பேசுவது எந்த யூகி என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்தது. பழையவள் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு மூச்சுத் தடுமாற்றம். புதியவளிடம் அது இல்லை.

நூலக அட்டை விஷயமும் இருக்கிறது. கவுண்டரில் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு நின்றவளுக்கு, முன்பின் தெரியாத கியோன் அட்டை போட்டுக் கொடுத்த நினைவு. உனக்கு அது வெறும் காதல் காட்சி. எனக்கு அப்படி இல்லை. அலமாரிக்கும் கவுண்டருக்கும் நடுவில் அப்படி நின்ற எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சில நாள் எழுந்துபோய் "என்னம்மா வேணும்" என்று கேட்டிருக்கிறேன். வேலை அதிகமாக இருந்த நாட்களில் கேட்கவில்லை. அவர்களில் சிலர் மறுபடி வரவே இல்லை.

13க்குப் பிறகு வரும் மூன்று எபிசோடுகளும் கோடை விடுமுறை, பட்டாசு, பழைய இழுவை. விருப்பம் இருந்தால் பார்.

இந்த ஞாயிறு 13ஐ முடித்துவிட்டுக் கூப்பிடு. அழுதாயா இல்லையா என்று நீ சொல்ல வேண்டாம், குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
அம்மா