விமானத்தளத்துக் கதைகளைச் சேர்க்கிறோம், கைகொடுங்கள்

திமிலைதீவு, புதுநகர், வலையிறவுப் பக்கத்து ஆட்களுக்கும், அங்கிருந்து சுவிஸ், கனடா, லண்டன் என்று போய்விட்ட நம்முடைய பிள்ளைகளுக்கும் வணக்கம். காசு கேட்டுத்தான் எழுதுகிறோம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி வாசித்தபின் "ஓ, இதுக்குத்தானா" என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை.

மட்டக்களப்பு விமான நிலையத்தைப் பற்றி ஊர்ச் சனம் வைத்திருக்கிற படங்கள், கடதாசிகள், வாயில் இருக்கிற கதைகள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி வாசிகசாலையின் பின் அறையில் வைக்கப் போகிறோம், அப்புறம் அதையே ஒரு சின்னப் புத்தகமாகவும் அடிக்கிற எண்ணம்.

போன மாதம் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனோம். அவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் ஓடுபாதையில் வேலை செய்தவர். வாசற்கதவு காற்றுக்கு அடிக்காமல் கீழே ஒரு முதிரைக் கட்டை, ஆப்பு மாதிரிச் சரிவாகச் சீவினது, கயிறு கோக்க ஒரு துளை, மஞ்சள் பெயின்ற் அந்தத் துளைக்குள்ளே மட்டும் மிச்சம். விமானம் வந்து நின்றதும் சில்லு உருளாமல் அடைகொடுக்கிற கட்டை அது! கேட்டதும், "கொண்டு போ மனே, மறுகா கதவுக்கு ஒரு கல்லுக் கொண்டந்து வெச்சிட்டுப் போ" என்றார். கல்லை வைத்துவிட்டுத்தான் வந்தோம். சேகரிப்பில் முதல் பொருள் அதுதான்.

இந்தத் தளம் கைமாறிக் கைமாறி வந்தது. 1958 நவம்பரில் திறந்தபோது இது சிவில் விமான நிலையம், எயார் சிலோன் விமானம் வந்து போனது. 1983 மார்ச்சில் விமானப்படை பொறுப்பெடுத்தது, அதோடு முப்பது வருசத்துக்கு மேலாக இது நமக்கு வேலிக்கு அந்தப் பக்கம். 2016இல் சிவில் விமானப் போக்குவரத்துக்கு மறுபடி கொடுத்தார்கள், ஜூலையில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்து திறந்தார், 2018 மார்ச்சில் உள்நாட்டுப் பயணிகள் சேவை தொடங்கியது. ஒவ்வொரு தரமும் பெயர்ப்பலகை மாறியது, வேலை செய்த ஆட்கள் இடமாறிப் போனார்கள். 1958இல் இருபது வயதாக இருந்தவர்களில் எத்தனை பேர் மிச்சம் என்று விரல் விட்டு எண்ணலாம். அவசரம் அதுதான்.

புத்தகத்தை 1942இல் இருந்து தொடங்குவோம் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றார், எங்களுக்கும் அது சரியாகப் பட்டது. அந்த வருசம் ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம்முடைய கடலில் எர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைத் தாழ்த்தின, 307 பேர் செத்துப் போனார்கள். விமானந்தாங்கி என்று பெயர், ஆனால் அன்றைக்கு அதில் ஒரு விமானமும் இல்லை, அதனுடைய விமானங்களைத் திருகோணமலை சீனன்குடாத் தளத்தில் இறக்கி விட்டிருந்தார்கள். கப்பல் இன்றும் நம் கடலடியில்தான் கிடக்கிறது. அந்தச் சீனன்குடாத் தளத்தைப் பிரித்தானியர் 1957இல் இலங்கையிடம் கொடுத்துவிட்டார்கள், அடுத்த வருசம் இங்கே ஓடுபாதை திறந்தது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரே இடத்தில் வாசிக்கக் கிடைக்க வேண்டாமா?

சண்டைக்காலத்தை விடுவோமா எழுதுவோமா என்று குழுவுக்குள்ளேயே இரண்டு இரவு வாக்குவாதம். எழுதுவது என்றுதான் முடிவு, புகழவும் இல்லை ஏசவும் இல்லை, சொல்கிறவர் பெயர் போடமாட்டோம். ஹெலிகொப்டர் தாழப் பறக்கும்போது ஓடு கிடுகிடுத்ததையும் ஏணையில் கிடந்த பிள்ளை வீரிட்டதையும் ஓர் அக்கா சொன்னார், அதையும் எங்கே வெட்டுவது? ஆனால் இப்போதைய விமானப்படை முகாமின் உட்பக்கம், வேலி, காவல் பற்றிய படம் எதுவும் எங்களுக்கு வேண்டாம், தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். மொத்தம் 3,40,000 ரூபாய் தேவை. இரும்பு அலுமாரி இரண்டு, படங்களை ஸ்கேன் பண்ணுகிற மெசின், குரல் பதிய ஒரு ரெக்கோடர், பாதிக்கு மேல் புத்தகம் அடிக்கிற செலவு. இதுவரை 1,12,000 சேர்ந்திருக்கிறது, அதில் பெரும்பங்கு ஊருக்குள்ளேயே ஐந்நூறு, ஆயிரமாக வந்த காசு. வாசிகசாலைக் கூரை ஒழுகும்போது இது தேவையா என்று கேட்டவர்களும் உண்டு, நியாயமான கேள்விதான், பின் அறைக் கூரை ஓடுகளை எங்கள் கைக்காசில் மாற்றிவிட்டோம்.

வங்கி இலக்கத்தைப் பொதுவில் போட மாட்டோம், இந்தக் காலத்தில் அதை எடுத்து வேறு ஆள் காசு வாங்கிவிடுவான். குழுவில் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரிடம் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் வாங்கமாட்டோம். வரவு செலவு மாதாமாதம் வாசிகசாலைப் பலகையில் தொங்கும்.

காசு இல்லாதவர்கள் வீட்டு பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள், பழைய விமான டிக்கெற், சம்பளத்துண்டு, ஓடுபாதையில் எடுத்த கலியாணப் படம் ஏதாவது கிடக்கும், படியெடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருவோம். கல்லோயாத் தளத்தில் வேலை செய்த அம்பாறைப் பக்கத்து ஆட்களும் வரலாம். அலுமாரிக் காசு மட்டும் முதலில் வந்தால் நல்லது, ஐப்பசி மழை தொடங்கினால் அந்த அறைச் சுவர் ஈரம் கசியும்.