புரூஃபில் நீலச் சுழி எதற்கு? வாடிக்கையாளர்களுக்கு அச்சகத்தின் மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆவணி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை அடிக்கும் வேலை தொடங்கிவிட்டது. இந்தத் தடவை உங்கள் கைக்கு வரும் புரூஃபில் (அச்சடிக்கும் முன் சரிபார்க்கத் தரும் மாதிரிப் படியில்), ஆங்கில எழுத்துகள் சிலவற்றைச் சுற்றி நீலப் பேனாவில் சுழித்திருப்போம். "மேட்டர் சரியாத்தானே கொடுத்தோம், இதென்ன?" என்று சிலர் கேட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் கொடுத்த மேட்டரை உங்களைக் கேட்காமல் மாற்றும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் ஆங்கிலச் சுருக்கங்களில் கேட்டுத் தெளிய வேண்டியவை நிறைய இருக்கின்றன. பிளேட் (அச்சுத் தகடு) போட்ட பிறகு ஒரு புள்ளியை எடுக்கவும் புதுப் பிளேட்தான் போட வேண்டும். அதனால் முன்கூட்டியே சுழித்துவிடுகிறோம்.

சுழி அதிகம் விழுவது பட்டங்களில். எம்.எஸ்சி. என்பதில் எம்மும் எஸ்ஸும் பெரிய எழுத்து, கடைசி சி சின்ன எழுத்து. 'சயின்ஸ்' என்ற ஒரே சொல்லின் முதல் இரண்டு எழுத்துதான் எஸ்ஸும் சியும். ஆகவே அவற்றுக்கு நடுவில் புள்ளி வராது. பிஎச்.டி.யும் அப்படியே. பி, எச் இரண்டும் 'ஃபிலாசஃபி'யின் தொடக்கம், எச் சின்ன எழுத்து. புள்ளியே இல்லாமல் எழுதுவதும் சரிதான், இப்போது பல பல்கலைக்கழகங்கள் அப்படித்தான் எழுதுகின்றன. நடுவில் புள்ளி வைத்துவிட்டுக் கடைசி எழுத்தை மொட்டையாக விடுவதுதான் தப்பு. அப்புறம், பெண்ணின் பட்டம் புள்ளியோடும் மாப்பிள்ளையின் பட்டம் புள்ளி இல்லாமலும் இருந்தால் அதையும் சுழிப்போம். சம்பந்தி வீட்டில் கேட்பதற்கு முன் நாங்கள் கேட்டுவிடுவது நல்லது.

நம் ஊரில் கடைசிப் பட்டத்துக்குப் பின்னாலும் ஒரு கமா வைக்கும் பழக்கம் உண்டு. இரண்டு பட்டங்களைப் பிரிப்பதற்குத்தான் கமா. பின்னால் எதுவும் இல்லாதபோது அதற்கு வேலை இல்லை. ஆனாலும் பெரியவர்கள் சிலருக்கு அது இல்லாவிட்டால் பட்டமே குறைந்த மாதிரி தோன்றுகிறது. வேண்டும் என்று சொன்னால் வைத்துவிடுவோம். கல்யாண வீட்டில் ஒரு கமாவுக்காகச் சண்டை எதற்கு?

டாக்டர், மிஸ்டர் என்பவற்றின் சுருக்கத்துக்குப் புள்ளி உண்டா என்பது அடிக்கடி வரும் கேள்வி. பிரிட்டிஷ் வழக்கில், சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சுருக்கத்தில் நின்றால் புள்ளி வேண்டாம். புரொஃபசர் போல வால் வெட்டுப்பட்ட சொல்லுக்குப் புள்ளி வேண்டும். அமெரிக்க வழக்கில் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. அமெரிக்காவில் இருக்கும் மகன் புள்ளியோடு அனுப்புவார், இங்கே ஆசிரியராக இருந்த அப்பா அடித்துவிடுவார். இருவரும் சரி. ஒரு பத்திரிகைக்கு ஒரு வழக்கு என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள்.

பத்திரிகையின் அடியில் வரும் ஆர்.எஸ்.வி.பி. ஒரு பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். 'தயவுசெய்து பதில் தரவும்' என்று பொருள். அதற்கு முன்னால் இன்னொரு 'ப்ளீஸ்' தேவையில்லை. நம் பக்கத்தில் யாரும் பதில் அனுப்புவதில்லை என்பது வேறு விஷயம். நேரத்துக்கு வந்தால், ஏ.எம். போட்ட இடத்தில் 'மார்னிங்' வேண்டாம். பகல் 12 மணிக்கு ஏ.எம்., பி.எம். இரண்டையும் தவிர்த்து '12 நூன்' என்றே அச்சிடுகிறோம். அவை நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின் என்று பொருள்படும் லத்தீன் சுருக்கங்கள். நண்பகல் இரண்டிலும் சேராது.

இதுவரை சொன்னதெல்லாம் அழகு, ஒழுங்கு சம்பந்தப்பட்டது. லேபிள் அடிப்பவர்கள் மட்டும் இதைக் கவனமாகப் படியுங்கள். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011இன்படி, பொட்டலத்தின் நிகர எடையைச் சர்வதேச அலகு முறையில்தான் குறிக்க வேண்டும். அந்த முறையில் கிலோகிராமுக்கு கே, ஜி இரண்டும் சின்ன எழுத்து. கிராமுக்கு ஜி மட்டும். 'ஜிஎம்', 'ஜிஎம்எஸ்', 'கேஜிஎஸ்' எதுவும் கிடையாது. எத்தனை கிலோ ஆனாலும் பன்மைக்கு எஸ் சேர்க்கக் கூடாது, பின்னால் புள்ளி வைக்கக் கூடாது, எண்ணுக்கும் குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட வேண்டும். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது இங்கே வெறும் அலங்காரம் இல்லை. பெரிய கே என்றால் வெப்பநிலையை அளக்கும் கெல்வின். அலகுக்கு முன்னால் வரும் சின்ன எம் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெரிய எம் பத்து லட்சம் மடங்கு. மாத்திரை டப்பியில் மில்லிகிராமுக்குப் பெரிய எம் போட்டு 500 என்று அடித்தால், கணக்குப்படி ஒரு மாத்திரையில் 500 டன் மருந்து இருக்கிறது என்று ஆகும்! அதனால் அலகுகளை மட்டும் நாங்களே திருத்தித்தான் புரூஃப் அனுப்புவோம். "பழைய லேபிளில் அப்படித்தான் இருந்தது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

லெட்டர்பேடு, விசிட்டிங் கார்டு விஷயத்துக்கு வருவோம். எம்/எஸ் என்பது 'மிஸ்டர்' என்பதன் பன்மையிலிருந்து வந்தது. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுபவர் அதன் பெயருக்கு முன்னால் போடுவது. உங்கள் சொந்த லெட்டர்பேடில் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் வரும் 'மிஸ்' (பெரிய எம், சின்ன எஸ்) வேறு, அதில் சாய்கோடு கிடையாது. எம்.டி. என்று கார்டில் போட்டால் மருத்துவரா, நிர்வாக இயக்குநரா? பெயருக்குப் பின்னால் வந்தால் பட்டம், கீழ் வரியில் தனியாக வந்தால் பதவி என்று பார்ப்பவர் ஊகிப்பார். மருத்துவமனை நடத்துபவர்கள் பதவியை முழுதாக எழுதிவிடுங்கள். 'ஐ.எஃப்.எஸ்.சி. கோடு' என்பதில் கோடு இரண்டு தடவை வருகிறது என்று கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டினார். உண்மைதான். ஆனால் வங்கியில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், நாங்களும் அதைச் சுழிக்காமல் விட்டுவிடுகிறோம்.

நோட்டீஸ் அடிக்கும் கட்சிக்காரர்களுக்கும் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. எம்.எல்.ஏ.க்கள் பலர் என்றால் சின்ன எஸ் மட்டும் போதும், மேலே கொக்கி (அப்பாஸ்ட்ரஃபி) வேண்டாம். கொக்கி போட்டால் எம்.எல்.ஏ.வுக்குச் சொந்தமான ஏதோ ஒன்று என்று ஆகிவிடும். அதற்கு முன்னால் 'ஏ' வருமா 'ஆன்' வருமா என்று குழம்ப வேண்டாம், வாயால் சொல்லிப் பாருங்கள். 'எம்' என்று உயிர் ஒலியில் தொடங்குகிறது, ஆகவே 'ஆன்'. யு.பி.ஐ. என்பதில் எழுத்து உயிர்தான், ஒலியோ 'யூ' என்று மெய்யில் தொடங்குகிறது. ஆகவே 'ஏ'.

ஆய்வேடு கொண்டுவரும் மாணவர்களுக்கு: ஐ.இ. என்றால் 'அதாவது', இ.ஜி. என்றால் 'எடுத்துக்காட்டாக'. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றது வந்தால் வாக்கியத்தின் பொருளே மாறிவிடும். நாங்கள் படித்துத் திருத்த முடியாது, உங்கள் துறை எங்களுக்குத் தெரியாது. இ.ஜி. என்று தொடங்கிய பட்டியலை 'எட்செட்ரா' என்று முடிக்காதீர்கள். 'மற்றும் பிறர்' என்று பொருள்படும் 'எட் அல்.' என்பதில் புள்ளி அல்லுக்கு மட்டும்தான். 'எட்' முழுச் சொல். எந்தச் சுருக்கமானாலும் முதல் தடவை முழுப்பெயரையும் எழுதிவிடுங்கள். ஒரே ஒரு தடவைதான் வருகிறது என்றால் சுருக்கமே வேண்டாம்.

இனி நடைமுறை. சுழி போட்ட புரூஃப் வாட்ஸ்அப்பில் வரும், பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சுழிக்கும் 'மாற்று' அல்லது 'இருக்கட்டும்' என்று எழுதினால் போதும். வீட்டில் நான்கு பேர் பார்க்கலாம், பதிலை மட்டும் ஒருவர் அனுப்புங்கள். அந்தப் பதில் வந்த பிறகே பிளேட் போடுவோம்.

அன்புடன்,
உங்கள் அச்சகத்தார்