நெஸ்டாவின் முழங்கால்: மகளுக்கு ஒரு கடிதம்

பெரம்பூர், சென்னை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று இரவு தொலைபேசியில், "வேகம் போய்விட்டால் என்னை எந்த கிளப் ஸ்டாப்பராக எடுக்கும், அப்பா?" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றியதை நீ கவனித்திருப்பாய். அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் அது வெறும் ஆறுதல் வார்த்தையாகவே உன் காதில் விழுந்திருக்கும் என்பதால்தான், உட்கார்ந்து எழுதலாம் என்று முடிவு செய்தேன். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது ஆட்டம் மட்டும்தான். ஆகவே, உன்னுடைய இதே இருபத்திரண்டாவது வயதில் முழங்கால் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுந்துபோன, உன்னைப்போலவே பின்களத்தில் நின்று தடுக்கும் ஓர் இத்தாலியக் கால்பந்து டிஃபென்டரின் ஆட்ட வாழ்க்கையை உனக்கு எழுதுகிறேன். அவர் பெயர் அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்டா.

அவர் ரோம் நகரத்தில் 1976 மார்ச் 19 அன்று பிறந்தவர். அவருடைய அப்பாவும் என்னைப்போல ரயில்வே ஊழியர். லாட்சியோ அணியின் தீவிர ரசிகர். பையனின் திறமையைக் கண்டு முதலில் தேடி வந்தது அதே ஊரின் இன்னொரு அணியான ரோமா. லாட்சியோ ரசிகரான அந்தத் தகப்பனார் அதை மறுத்துவிட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையைத் தம் மனத்துக்குப் பிடித்த கிளப்பிலேயே சேர்த்தார். அந்த வீட்டின் பிடிவாதம் எனக்குப் புரிகிறது. அங்கேயே வளர்ந்து 1994 மார்ச்சில் முதல் அணிக்காகக் களமிறங்கினார். அடுத்த மாதம் பயிற்சியின்போது இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பால் காஸ்கோயின் இவரிடமிருந்து பந்தைப் பறிக்கப் பாய்ந்து, தன் காலையே முறித்துக்கொண்டார். பெரிய ஆட்டக்காரர் ஒருவருடைய கால் முறிவதைப் பதினெட்டு வயதில் ஓரடி தூரத்தில் நின்று பார்த்தவர் நெஸ்டா. ஆட்டம் எவ்வளவு எளிதாக ஓர் உடம்பைக் கைவிட்டுவிடும் என்பதைத் தன் முறை வருவதற்கு முன்பே அவர் தெரிந்துகொண்டிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

1998-ஆம் ஆண்டின் அந்தச் சில வாரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏப்ரல் 29 அன்று இத்தாலியக் கோப்பையின் இறுதிச் சுற்று இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஏசி மிலானிடம் 1-0 என்று தோற்றிருந்த லாட்சியோ, ரோமில் நடந்த இரண்டாம் ஆட்டத்திலும் முதலில் ஒரு கோல் வாங்கியது. பிறகு மூன்று கோல்களைத் திருப்பி அடித்துக் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த மூன்றாவது கோலை, கோப்பையை முடிவு செய்த கோலை, அடித்தவர் நெஸ்டா. ஒரே வாரம் கழித்து, மே 6 அன்று, பாரிஸில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம். இன்டர் மிலான் 3-0 என்று வென்றது. அந்த இரவில் பிரேசிலின் ரொனால்டோவை நெஸ்டாவால் நிறுத்த முடியவில்லை. தான் எதிர்கொண்டவர்களிலேயே மிகக் கடினமானவர் ரொனால்டோதான் என்று பிற்காலத்துப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அடுத்து உலகக் கோப்பை. ஜூன் 23 அன்று பிரான்ஸின் சான் தெனியில் ஆஸ்திரியாவுக்கு எதிரான ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவருடைய முழங்கால் போயிற்று. முப்பத்து நான்கு வயதான பெர்கோமி அவருக்குப் பதிலாக உள்ளே வந்தார். எட்டு வாரங்களுக்குள் ஒரே ஆளுக்கு இவ்வளவும் நடந்தன.

நீ இப்போது நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். மருத்துவர் ஒன்பது மாதங்கள் என்று சொல்லியிருக்க, நீ அடுத்த லீக் தொடங்கும் தேதியை வைத்து ஆறு மாதங்களுக்குக் கணக்குப் போடுகிறாயாம். ஆகவே இந்தக் கணக்கையும் பார்: அந்த ஜூன் 23-இலிருந்து பதினோரு மாதங்கள்கூட நிறையாத நிலையில், 1999 மே 19 அன்று, பர்மிங்காமின் வில்லா பார்க் அரங்கில், கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை லாட்சியோவின் கேப்டனாக நெஸ்டா தூக்கிப் பிடித்தார். மயோர்கா அணியை 2-1 என்று வென்ற அந்த ஆட்டத்தோடு அந்தப் போட்டியே நிறுத்தப்பட்டது என்பதால், அந்தக் கோப்பையைக் கடைசியாகத் தூக்கிய கேப்டன் அவர்தான். அடுத்த பருவத்தில், 2000 மே 14 அன்று, லாட்சியோ இத்தாலியின் லீக் பட்டத்தை வென்றது. அன்று பட்டத்துக்குப் போட்டியிட்ட யுவென்டஸ் அணி பெருஜியாவில் கொட்டிய மழையில் தோற்றதால்தான் அது நடந்தது என்றாலும், அதற்கு முந்தைய மாதங்களில் லாட்சியோவின் பின்களம் எப்படி நின்றது என்பதை ஆட்டம் பார்த்தவர்கள் அறிவார்கள். 2000 முதல் 2003 வரை தொடர்ந்து நான்கு முறை இத்தாலிய லீகின் சிறந்த டிஃபென்டர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. அந்த நான்கு விருதுகளும் முழங்கால் அறுந்த பிறகு வந்தவை, அம்மா.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வேகம் போய்விடும் என்று நீ பயப்படுகிறாய். 2000 ஜூன் 29 அன்று ஆம்ஸ்டர்டாமில் நடந்த, நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியை நான் இரவு நெடுநேரம் விழித்திருந்து பார்த்தேன். போட்டியை நடத்திய நெதர்லாந்து அணியுடன் அவர்கள் சொந்த மண்ணில் இத்தாலி மோதியது. முப்பத்து நான்காவது நிமிடத்திலேயே சாம்ப்ரோட்டா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட, மீதி நேரத்தையும் கூடுதல் நேரத்தையும் இத்தாலி பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஆடியது. ஆட்ட நேரத்தில் கிடைத்த இரண்டு பெனால்டிகளை நெதர்லாந்து வீணாக்கியது. ஒன்றை கோல்கீப்பர் டோல்டோ தடுத்தார், மற்றொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் இத்தாலி 3-1 என்று வென்றது. எல்லோரும் டோல்டோவைப் பாராட்டினார்கள்; அது நியாயமும்கூட. நீ பார்க்க வேண்டியது, அவருக்கு முன்னால் நின்ற நெஸ்டா, கன்னவாரோ, யூலியானோ மூவரை. அந்த இரவில் நெஸ்டா முழு வேகத்தில் ஓடிய தருணங்கள் மிகக் குறைவு. பந்து பக்கவாட்டில் இருக்கும்போதே அவர் தலையைத் திருப்பி, தன் முதுகுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார். பிறகு அரைத் திருப்பமாக நிற்பார், பந்தும் ஆளும் ஒரே பார்வையில் விழும்படி. முன்கள வீரர் எந்த வழியில் போக வேண்டும் என்பதை அவர் நிற்கும் கோணமே தீர்மானித்துவிடும். ஆகவே பந்து வரும்போது ஓட வேண்டிய தூரம் அவருக்கு இரண்டு, மூன்று அடிதான் மிச்சமிருக்கும். வேகம் அவரிடம் நிறையவே இருந்தது. ஆனால் அவர் அதைச் சேமிப்பாகத்தான் வைத்திருந்தார், கணக்குப் பிசகும் ஒரு நொடிக்கு மட்டும் எடுத்துச் செலவழித்தார்.

அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில் பிரான்ஸுக்கு எதிராக என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும். கூடுதலாகக் கொடுக்கப்பட்ட கடைசி நிமிடங்களில் வில்டோர்ட் சமன் செய்தார். பிறகு ட்ரெஸெகெ தங்க கோலை, அதாவது கூடுதல் நேரத்தில் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும் கோலை அடித்து, கோப்பையை பிரான்ஸுக்குக் கொண்டுபோனார். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னமும் மனம் வரவில்லை.

ஒருமுறை காயம் பட்டு, மீண்டு, அதன் பிறகு எல்லாவற்றையும் வென்ற மனிதரின் கதையாக இதை நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. உன்னிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2002 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராகப் பாதியிலேயே காயத்துடன் வெளியேறினார். தென் கொரியாவிடம் இத்தாலி தோற்று வெளியேறிய நாக்-அவுட் ஆட்டத்தில் அவரால் ஆட முடியவில்லை. 2006-இல் ஜெர்மனியில் ஜூன் 22 அன்று செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தின் பதினேழாவது நிமிடத்தில் மறுபடியும் காயம், மறுபடியும் வெளியேற்றம். மூன்று உலகக் கோப்பைகள், மூன்றிலும் காயம். அன்று அவருக்குப் பதிலாக வந்தவர் மார்கோ மாட்டராஸி. 2002-இல் குரோஷியா ஆட்டத்தில் வந்தவரும் அவரேதான். உள்ளே வந்த ஒன்பதாவது நிமிடத்தில் மாட்டராஸி தலையால் முட்டி கோல் அடித்தார். ஜூலை 9 அன்று பெர்லினில் பிரான்ஸுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் ஒரு பெனால்டிக்குக் காரணமானவர், சமன் செய்த கோலை அடித்தவர், பிரான்ஸ் கேப்டன் ஸிதானால் தலையால் மோதித் தள்ளப்பட்டவர், ஷூட் அவுட்டில் பந்தை வலைக்குள் சேர்த்தவர், எல்லாம் அவரே. நெஸ்டாவின் பக்கத்தில் நின்று வளர்ந்த கன்னவாரோ கோப்பையைத் தூக்கினார். அந்த ஆண்டின் பலோன் தோர் என்ற தங்கப் பந்து விருதும் அவருக்கே போயிற்று. நெஸ்டாவும் அந்த அணியில் ஒருவர் என்ற முறையில் உலகச் சாம்பியன்தான். ஆனால் நாக்-அவுட் சுற்றில் ஒரு நிமிடம்கூட அவர் ஆடவில்லை.

இத்தாலிக்காக 78 ஆட்டங்கள் ஆடிய அவர், உலகக் கோப்பை ஒன்றைக்கூட முழுமையாக ஆடி முடிக்கவில்லை. அதனால் அவருடைய மதிப்பு குறைந்ததா என்று கேட்டால், என் அளவில் இல்லவே இல்லை. நான் பார்த்த டிஃபென்டர்களில் அவருக்கு மேலே ஒருவரை வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஏசி மிலானின் டிஃபென்டர் மால்டீனியைக்கூட, பக்கத்தில்தான் வைப்பேன்.

லாட்சியோவை விட்டு அவர் போனதும் அவர் விரும்பி நடந்த காரியமாகத் தெரியவில்லை. கிளப்பின் உரிமையாளர் கடனில் மூழ்கியிருந்ததால், ஆட்டக்காரர்களை விற்கும் காலக்கெடுவின் கடைசி நாளான 2002 ஆகஸ்ட் 31 அன்று, ஏறத்தாழ மூன்று கோடி யூரோவுக்கு ஏசி மிலானுக்கு விற்கப்பட்டார். ஒன்பது வயதிலிருந்து இருந்த வீடு அது. அடுத்த மே 28 அன்று மான்செஸ்டரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் யுவென்டஸுடன் கோல் இல்லாமல் முடிந்தது. ஷூட் அவுட்டில் மிலானின் இரண்டாவது, மூன்றாவது உதைகள் இரண்டுமே வீணான பிறகு நான்காவதாக நடந்து வந்தவர் நெஸ்டா. கோல் அடிப்பது வழக்கமில்லாத அந்த மனிதர் பந்தை வலைக்குள் அனுப்பினார். அடுத்து வந்த ஷெவ்சென்கோ முடித்து வைத்தார்.

பிறகு முதுகு. 2008-09 பருவம் கிட்டத்தட்ட முழுவதையும் முதுகுவலி தின்றுவிட்டது. வயதோ முப்பத்து மூன்று. ஆட்டம் முடிந்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். திரும்பி வந்தவர் 2009 அக்டோபர் 25 அன்று வெரோனாவில் கியேவோ அணிக்கு எதிராக, மிலான் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களுக்குள் இரண்டு கோல்களை அடித்து வெற்றியைப் பறித்தார். பத்தாண்டுகளில் மிலானுக்காக அவர் அடித்த கோல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் இரண்டு அந்த மாலையில் வந்தன. 2011-இல் மீண்டும் லீக் பட்டம். அதே ஆண்டு செப்டம்பரில் பார்சலோனாவின் மைதானத்தில், முப்பத்தைந்து வயதில், பெனால்டி பெட்டிக்குள் பாய்ந்து வந்த மெஸ்ஸியின் காலிலிருந்து சறுக்கிப் போய்ப் பந்தை மட்டும் தனியே எடுத்தாரே, அந்தக் காட்சியை நீயே எனக்கு அனுப்பி வைத்திருக்கிறாய். அந்த மனிதருக்கு அப்போது முழங்காலும் முதுகும் ஏற்கெனவே ஒருமுறை பழுதாகி மீண்டவை என்பதை இப்போது சேர்த்து நினைத்துப் பார்.

நீ அவரை நேரிலும் பார்த்திருக்கிறாய். 2014-இல் மாட்டராஸி சென்னையின் எஃப்சி அணியின் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் நம் ஊருக்கு வந்தபோது, கனடாவின் மான்ட்ரியாலில் ஓய்வு அறிவித்துவிட்டு இருந்த நெஸ்டாவைப் பருவத்தின் கடைசிப் பகுதியில் அழைத்துக்கொண்டார். இரண்டு உலகக் கோப்பைகளில் தன் இடத்துக்கு வந்தவர் அழைத்ததும், முப்பத்தெட்டு வயதில், சில ஆட்டங்களுக்காக நெஸ்டா கிளம்பி வந்தார். அவருக்குள் எந்தக் கசப்பும் தங்கவில்லை என்று நான் நம்புவதற்கு அதுவே காரணம். நேரு விளையாட்டரங்கில் ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்த அவரை உனக்குச் சுட்டிக் காட்டினேன். பந்து இல்லாமலேயே தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் யாரைத் தேடுகிறார்?" என்று நீ கேட்டாய். நீ டிஃபென்ஸில் ஆட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஒன்பது மாதங்கள் என்றால் ஒன்பது மாதங்கள். ஆறாவது மாதத்தில் தொடங்கும் லீக் உன் கையை விட்டுப் போகட்டும். அவருடைய கையை விட்டு உலகக் கோப்பைகளே போயின. கிளப்பின் மேலாளர் எதையாவது சொல்லி அவசரப்படுத்தினால் என்னிடம் பேசச் சொல். மறுபடியும் காயம் படாது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். யாராலும் சொல்ல முடியாது. காலை அசைக்க முடியாத இந்த வாரங்களில், அந்த ஆம்ஸ்டர்டாம் அரையிறுதியை முழுதாகப் பார். பந்தைப் பார்க்காதே, சாம்ப்ரோட்டா வெளியேறிய பிறகு நெஸ்டா எத்தனை முறை தலையைத் திருப்புகிறார், எந்தக் காலில் எடையை வைத்து நிற்கிறார் என்று மட்டும் கவனித்து எனக்கு எழுது. நீ எழுதியதைப் படித்துவிட்டு, உன்னுடைய பழைய ஆட்டங்களின் பதிவுகளை நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம். நீ ஓடித் தப்பித்த இடங்கள் சில அவற்றில் இருக்கின்றன, நின்றே தடுத்திருக்கலாம்.

அம்மா அடுத்த வாரம் புவனேஸ்வரம் ரயிலில் வருகிறாள். என் பழைய முழங்கால் பிரேஸையும் (தாங்கு பட்டை) கொடுத்தனுப்புகிறேன். உனக்குப் பொருந்துமா என்று பிசியோவிடம் காட்டிவிட்டுப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா