ஐந்து ஊருக்கும் ஒரு கண் பரிசோதனை அறை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மன்னார்குடி பக்கம் அடுத்தடுத்து இருக்கும் எங்கள் ஐந்து கிராமங்களுக்கும் பொதுவாக ஒரு கண் பரிசோதனை அறை அமைக்க முடிவு செய்திருக்கிறோம். ஊராட்சி இடம் கொடுத்துவிட்டது, வெள்ளையடித்தும் ஆயிற்று. தை மாதம் சம்பா அறுவடை தொடங்குவதற்குள் திறந்துவிட வேண்டும். அதற்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது.

அறுவடைக்கு முன்பே என்று அவசரப்படுவதற்குக் காரணம் நெல் சுணை, அதாவது நெல்மணியில் ஒட்டியிருக்கும் கூரான பொடி முடி. இப்போது மெஷின் வைத்துத்தான் அறுக்கிறோம். ஆனாலும் நெல்லைக் காயப் போடுவது, கொள்முதல் நிலையத்தில் தூற்றி மூட்டை பிடிப்பது எல்லாம் ஆட்கள்தான். அப்புறம் உளுந்து பிடுங்கி அடிக்கிற வேலை வந்துவிடும். கண்ணில் ஏதாவது விழுந்தால் முந்தானையால் கசக்கிவிட்டு வேலையைப் பார்ப்பதே வழக்கம். பெரும்பாலும் சரியாகிவிடும். கருவிழியில் கீறல் விழுந்து அதில் கிருமி சேர்ந்துவிட்டால் புண்ணாகும். புண் ஆறினாலும் அந்த இடத்தில் பூ விழுந்துவிடும்.

தென்னிந்தியாவில் கருவிழிப் புண்களில் பெரும் பங்கு பூஞ்சையால் வருகிறது. இதற்கு நாட்டமைசின் என்ற சொட்டு மருந்தை ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தரம் விட வேண்டும், வாரக்கணக்கில் தொடர வேண்டும். இங்கே நடப்பது வேறு. கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் சிவப்பு குறையும், வலியும் அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே பரவிக்கொண்டே போகும். வேறு சில வீடுகளில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு என்று விடுகிறார்கள். கீறல் விழுந்த கண்ணில் இவற்றில் எதையும் விடக்கூடாது என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீறலைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஃப்ளூரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயம் தோய்த்த சிறு காகிதப் பட்டையை ஒரு சொட்டு நீரில் நனைத்து, கீழ் இமையின் உட்புறம் லேசாகத் தொட வேண்டும். நோயாளியை இரண்டு முறை இமைக்கச் சொல்லி நீல விளக்கை அடித்தால், கீறல் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். கூடவே வந்திருக்கும் பிள்ளைகள்கூடப் பார்த்துவிடலாம், அவ்வளவு தெளிவு. நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தன்னார்வலர்களே இப்படிக் கீறலைக் கண்டுபிடித்து, குளோராம்பெனிக்கால் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வில், அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்ட யாருக்கும் புண் வரவில்லை. எங்கள் ஊர்க்காரர் தஞ்சாவூர் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் பல சமயம் நாலைந்து நாள் ஓடிவிடுகிறது.

இன்னொரு விஷயத்தை நாங்கள் கீறலைவிடவும் முக்கியமாக நினைக்கிறோம். நாற்பது வயது தாண்டிய பெண்கள் பலர், "எனக்கு எப்பவுமே இந்தக் கண்ணுல தண்ணி வடியும்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் அடைத்திருந்தால் அப்படி வடியும். அந்தக் குழாய் இறங்கும் எலும்புப் பாதை பெண்களுக்குக் கொஞ்சம் குறுகல். மூக்கை ஒட்டிய உள் ஓரத்தில் விரலால் அழுத்தினால் பீளையோ சீழோ மேலே வரும். வலி இருக்காது, அதனால் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். தேங்கிய சீழில் நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் குடியிருக்கும். அந்தக் கண்ணில் ஒரு நெல் சுணை பட்டால் போதும், ஓரிரு நாளில் கருவிழி கரைய ஆரம்பித்துவிடும். கண்புரை முகாமிலும் குழாயைக் கழுவிப் பார்த்து, சீழ் திரும்பி வந்தால், முதலில் இதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவது இதற்காகத்தான்.

கண்ணின் உள் ஓரத்தில் கண்ணீர் சேரும் பையிலிருந்து மூக்குக்குப் புதிய வழி திறக்கும் ஆபரேஷனுக்கு டி.சி.ஆர். என்று பெயர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசு வாங்குவதில்லை. ஆனால் கூடவே ஓர் ஆள் போய்த் தங்க வேண்டும், இரண்டு பேர் கூலியும் போய்விடும். அங்கேதான் எல்லாம் நின்றுவிடுகிறது. பை திடீரென்று வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் தள்ளிப்போடவே கூடாது. அதை அமுக்குவதோ ஊசியால் குத்துவதோ ஆபத்து.

கைக்குழந்தைக்குக் கண்ணில் நீர் வடிந்தால் பயப்பட வேண்டியதில்லை. நகம் வெட்டிய சுண்டுவிரலால் கண்ணின் உள் ஓரத்தை அழுத்தி மூக்கோரமாகக் கீழே நீவிவிட்டால், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் அடைப்பு திறந்துவிடும். நீவும் முறையைத் தாய்மாருக்குக் கையைப் பிடித்துக் காட்டித் தருவோம். பிறந்த முதல் மாதத்தில் இமை வீங்கி, கெட்டியாகச் சீழ் வந்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது, ஓரிரு வாரத்தில் தானே போய்விடும். துண்டைத் தனியாக வைத்துக்கொண்டு கையைக் கழுவினால் போதும். ஆனால் வலி அதிகமாக இருந்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அதை மெட்ராஸ் ஐ என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

செலவுக் கணக்கு இதுதான். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவியான ஸ்லிட் லேம்புக்கு 1,60,000 ரூபாய். கண் மருத்துவ உதவியாளர் படிப்பு முடித்த நம் ஊர்ப் பெண்ணுக்கு ஒரு வருட சம்பளம் 1,80,000. சாயப் பட்டை, கண்ணீர்க் குழாய் கழுவும் கருவி, களிம்பு, சொட்டு மருந்துக்கு 40,000. நோயாளியும் துணைக்குப் போகிறவரும் போய்வரும் செலவு, சாப்பாடு, இழக்கும் கூலி ஆகியவற்றுக்கு 1,20,000. ஆக மொத்தம் 5,00,000. குழு உறுப்பினர்கள் போட்டது 1,10,000, மீதி 3,90,000 சேர வேண்டும். கடைசியாகச் சொன்ன கூலித் தொகையை வெட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். வேறு எதை வெட்டினாலும் அதை வெட்டமாட்டோம்.

உதவியாளர் தாமாக மருந்து எழுதித் தரமாட்டார். ஓய்வுபெற்ற அரசு கண் மருத்துவர் ஒருவர் வாரம் ஒருநாள் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்ற நாட்களில் உதவியாளர் போனில் படம் எடுத்து அனுப்ப, அவர் பார்த்துச் சொல்வார்.

நூறு ரூபாயானாலும் சரி, ஒரு மூட்டை நெல்லாகக் கொடுத்தாலும் சரி, அந்தந்த ஊர்க் குழு உறுப்பினரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடமிருந்து நன்கொடை பெற எங்கள் குழுவுக்கு அரசு அனுமதி இல்லை. அவர்கள் மன்னிக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கை ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அறை வாசலில் எழுதி ஒட்டுவோம்.

இப்படிக்கு,
கண் பரிசோதனை அறை அமைப்புக் குழுவினர்